கேளுங்க சொல்றேன்: அறுபதுக்கு மேல கடைசல் பிடிக்கலாமா?

ரெண்டு மாசம் முன்னாடி இதே பக்கத்துல, ரிட்டயர் ஆன பிறகு நான் மரக்கடைசல், அதாவது லேத்னு ஒரு மெஷின்ல மரக்கட்டைய சுத்த விட்டு உளியால கடைஞ்சு சாமான் செய்யறது, கத்துக்கிட்டதப் பத்தி கொஞ்சமா எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் வரும்னு நான் நினைக்கவே இல்ல. எனக்கு இப்ப 67 வயசு. 34 வருஷம் ஒரு ஆபீஸ்ல கணக்கு எழுதின கை, லேத் முன்னாடி போய் நின்னது 60-ல. அதனால இங்க நான் சொல்றதெல்லாம் பரம்பரை ஆசாரி சொல்றது இல்ல, உங்கள மாதிரியே லேட்டா ஆரம்பிச்ச ஒருத்தன் சொல்றது. எல்லா கேள்விக்கும் இடம் பத்தாது, நிறைய பேர் கேட்டத மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயசு 64. சுத்தியல் கூட சரியா பிடிச்சது கிடையாது. கையெழுத்து போடறப்ப கை லேசா நடுங்குது. உங்க கட்டுரைய படிச்சதுலேர்ந்து ஆசை விட மாட்டேங்குது. என்னால முடியுமா? (கும்பகோணம் வாசகர்)

ஐயா வணக்கம். நடுக்கத்தப் பத்தி முதல்ல சொல்லிடறேன், இன்னும் நாலு பேர் இதையே கேட்டிருக்காங்க. கடைசல்ல உளியை யாரும் அந்தரத்துல பிடிக்கிறது இல்ல. சுத்துற மரத்துக்கு முன்னாடி டூல் ரெஸ்ட்னு ஒரு இரும்புத் தாங்கி இருக்கும், உளி எப்பவும் அது மேலதான் படுத்திருக்கும், பிடியோட கடைசி உங்க இடுப்போட ஒட்டி நிக்கும், நகர்றது விரல் இல்ல உங்க மொத்த உடம்பு, ஒரு கால்லேர்ந்து இன்னொரு காலுக்கு பாரத்த மாத்தினா உளியும் கூடவே போகும். என் நண்பர் ஒருத்தருக்கு காபி டம்ளர் தூக்கினா தளும்பும், அவர் கடையற கட்டைல ஒரு அலை இருக்காது. ஆனா நடுக்கம் எதனாலன்னு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு ஆரம்பிங்க, அதுல தயங்காதீங்க.

அடுத்தது பலம். இதுக்குப் பலம் வேண்டாங்க, கூர்மை வேணும். இத நான் புரிஞ்சுக்க ரெண்டு மாசம் ஆச்சு. ஆரம்பத்துல கடைல வாங்கின உளிய அப்படியே வச்சு மரத்துல அழுத்தி அழுத்தி பார்த்தேன், கரகரன்னு சத்தம், பொடி பொடியா தூள், சாயங்காலம் ஆனா தோள்பட்டைய தூக்க முடியாது, வயசாயிடுச்சு நமக்கு இது சரிப்படாதுன்னே முடிவு பண்ணிட்டேன். அப்பதான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன் அங்க ஒரு கடைசல் பட்டறைல போய் உட்கார்ந்தேன். குழந்தைங்க விளையாடற செப்பு சாமான், குட்டி அடுப்பு, அம்மி, உரல், குடம் எல்லாம் கடையற ஊரு அது. அங்க இருந்த பெரியவருக்கு என்னை விட பத்து வயசு ஜாஸ்தி இருக்கும், ஒல்லியான உடம்பு. நான் பையில கொண்டுபோயிருந்த உளிய வாங்கி அதோட முனைய கட்டைவிரல் நகத்து மேல மெதுவா வச்சார், வழுக்கிட்டு போச்சு. ஒண்ணுமே சொல்லல, நேரா சாணைக்கு போய் ஒரு நிமிஷம் பிடிச்சார், திரும்ப நகத்துல வச்சார், இப்ப வழுக்கல, கடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அதே உளிய என் கைல குடுத்து கடையச் சொன்னார். தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா உஸ்ஸ்னு ஒரு சத்தம் வருமே, அந்த சத்தம். தூள் இல்ல, நீள நீளமா சுருள், வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசா, என் தோள் மேல வந்து விழுந்துச்சு. நான் அழுத்தவே இல்ல.

அதனால உங்களுக்கு முதல் பாடம் சாணை பிடிக்கிறது. கடையறதுல நேரம் குறைஞ்சாலும் பரவால்ல, முதல் மாசம் முழுக்க பழைய கட்டைல உளிய தீட்டி தீட்டிப் பாருங்க. ரெண்டாவது பாடம் வரிசை: உளி முதல்ல டூல் ரெஸ்ட்ல உட்காரணும், அப்புறம் சாணை பிடிச்ச சரிவுப் பக்கம் மரத்த வெட்டாம சும்மா உரசணும், அதுக்கப்புறம்தான் பிடிய மெதுவா தூக்கணும், தூக்கத் தூக்க முனை மரத்த தொட்டு சுருள் கிளம்பும். இந்த வரிசைய மாத்தி முனைய நேரா மரத்துல வச்சா உளி மாட்டிக்கிட்டு படார்னு உதைக்கும், அந்த ஒரு உதைல பயந்து விட்டவங்க நிறைய பேரு.

அப்புறம் நீங்க இருக்கிற இடம் கொடுத்து வச்ச இடம் ஐயா. ஆடுதுறை பக்கம் நரசிங்கம்பேட்டை இருக்கு, நாதஸ்வரம் செய்யற ஊரு, 2022-ல புவிசார் குறியீடு கூட கிடைச்சுது. பழைய வீட்ட இடிக்கறப்ப கிடைக்கிற, பல வருஷம் காஞ்ச ஆச்சா மரத்த வாங்கி கடைஞ்சு துளை போட்டு நாதஸ்வரம் ஆக்கறாங்க. ஒரு நாள் போய் அனுமதி கேட்டு ஓரமா உட்கார்ந்து பாருங்க. கைய பார்க்காதீங்க, கால் எப்படி நிக்குதுன்னு பாருங்க.

கேள்வி: சென்னைல மூணாவது மாடி ஃபிளாட். லேத் வைக்க முடியுமா? என்ன வாங்கணும், எவ்வளவு ஆகும்? (மேடவாக்கம் வாசகர்)

வைக்கலாம், ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க நல்லவங்களா இருக்கணும். லேத் சத்தம் மிக்ஸி சத்தத்த விட கம்மிதான், அது பிரச்சனை இல்ல, தூள்தான் பிரச்சனை, உப்புத்தாள் போடறப்ப வீடு பூரா மாவு மாதிரி படியும். பால்கனி இருந்தா அங்க, இல்ல கீழ கார் ஷெட்ல அசோசியேஷன்கிட்ட கேட்டு ஒரு மூலை. மினி லேத்னு கேளுங்க, அரை ஹெச்.பி.லேர்ந்து ஒரு ஹெச்.பி. மோட்டார், வீட்டு கரண்ட்லயே ஓடும், வேகத்த திருகி மாத்தற மாதிரி இருக்கறது பெட்டர். இரும்பு வார்ப்புல செஞ்சதா பாருங்க, தகரத்துல செஞ்சது அதிரும், அதிர்ற லேத்ல எவ்வளவு நல்ல கைக்கும் வேலை வராது. நான் வாங்கினப்ப லேத் மட்டும் முப்பதாயிரத்த தாண்டுச்சு, இப்ப விலை விசாரிச்சுக்குங்க.

எல்லாரும் பண்ற தப்பு, மொத்த காசையும் லேத்ல போட்டுட்டு உளிக்கும் சாணைக்கும் மிச்சம் வைக்காம விடறது. எட்டு உளி இருக்கிற மலிவு செட் வேண்டாம். ஹெச்.எஸ்.எஸ்.னு சொல்ற ஹை ஸ்பீட் ஸ்டீல்ல நாலு போதும் (கவுஜ்னா குழிவான உளி), கட்டைய உருளையாக்க ரஃபிங் கவுஜ், வளைவுக்கு ஸ்பிண்டில் கவுஜ், துண்டிக்க பார்ட்டிங் டூல், சுரண்ட ஒரு ஸ்கிரேப்பர். ரஃபிங் கவுஜ வச்சு கிண்ணம் மட்டும் கடையாதீங்க, அதோட கழுத்து மெல்லிசு, குறுக்கு நார்ல மாட்டினா ஒடிஞ்சு பறக்கும். கிண்ணத்துக்கு பௌல் கவுஜ்னு தனியா இருக்கு, ஆறு மாசம் கழிச்சு வாங்கிக்கலாம். லேத்தோட சுத்துற அச்சு உங்க முழங்கை உயரத்துல வரணும், அதுக்குத் தக்க மேஜை போடுங்க, குனிஞ்சு வேலை பார்த்தா நம்ம வயசுல இடுப்பு மறுநாளே பதில் சொல்லிடும்.

கேள்வி: எங்கப்பாவுக்கு 70. உங்க கட்டுரைய படிச்சுட்டு லேத் வாங்கியே தீரணும்ங்கறார். எனக்கு பயமா இருக்கு அங்கிள். எவ்வளவு ஆபத்து? மறைக்காம சொல்லுங்க. (திருப்பூர் வாசகி)

பயம் நியாயமானதும்மா. மறைக்காமயே சொல்றேன்.

பத்து இன்ச் கிண்ணம் ஒண்ணு நிமிஷத்துக்கு 1000 சுத்து சுத்தினா அதோட ஓரம் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னு அர்த்தம். அந்த வேகத்துல ஒரு மரக்கட்டை முகத்துக்கு நேரா வந்தா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. எனக்கு வந்துச்சு. ரெண்டாவது வருஷம், எட்டு இன்ச் வேப்பங்கட்டை, கட்டைய கவ்விப் பிடிக்கற சக்குல மாட்டினேன், டீ குடிக்க போயிட்டு வந்து திரும்ப இறுக்கிப் பார்க்காம ஸ்விட்ச் போட்டேன், பச்சை மரம் அதுக்குள்ள கொஞ்சம் சுருங்கி பிடி தளர்ந்திருந்தது, உளி தொட்டதும் கழண்டு வந்து முகத்துல அடிச்சுது. ஃபேஸ் ஷீல்டுல குறுக்க ஒரு கீறல், எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த ஷீல்ட இன்னும் பட்டறை சுவத்துல மாட்டி வச்சிருக்கேன், ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி தினமும் கண்ணுல படணும்னு.

அதனால அப்பாவுக்கு லேத் வாங்கறதுக்கு முன்னாடி முகம் முழுக்க மறைக்கிற ஷீல்ட நீங்க வாங்கிக் குடுங்க. வெறும் கண்ணாடி பத்தாது. தோள்ல துண்டு கூடாது, வேட்டி, லுங்கி கூடாது, கழுத்துல செயின், கைல கயிறு, மோதிரம் எதுவும் கூடாது, அரைக்கை சட்டையும் பேண்ட்டும்தான். கையுறை போடவே கூடாது, இத நிறைய பேர் பாதுகாப்புன்னு நினைச்சு போடறாங்க, சுத்துற கட்டைல நூல் மாட்டினா கையோட சேர்த்து இழுத்துரும். ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி கையால ஒரு முழு சுத்து சுத்திப் பார்க்கணும், எங்கயாவது இடிக்குதான்னு. போடறப்ப கட்டைக்கு நேரா நிக்காம பக்கவாட்டுல நிக்கணும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கு, கட்டையோட விட்டத்த இன்ச்ல எடுத்து நிமிஷத்துக்கான சுத்தால பெருக்கினா 6000-லேர்ந்து 9000-க்குள்ள வரணும். ஆறு இன்ச் கட்டைன்னா 1000-லேர்ந்து 1500 சுத்து. அது நல்லா உருண்டையான பிறகு. கோணல் மாணலா இருக்கறப்ப அதுல பாதிக்கும் கீழ. அதிர்வு நின்னா மட்டும்தான் ஏத்தணும். அப்பா கணக்கு போடுவாரான்னு பாருங்க, போடறவரா இருந்தா பாதி பயத்த விடலாம்.

உளிய விட எனக்கு பெரிய கவலை தூள்தான். மரத்தூள புற்றுநோய் உண்டாக்கற பொருள் பட்டியல்ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லயே சேர்த்துடுச்சு. அது வருஷக்கணக்கா தினமும் சுவாசிக்கறவங்களுக்கு வர்ற ஆபத்து, அதுக்காக நாம அசட்டையா இருக்க வேண்டாம், என்-95 மாஸ்க் போட்டுக்கிட்டு ஜன்னல் திறந்து ஃபேன் வெளிப்பக்கமா வச்சு வேலை பார்க்கணும். ஈட்டி மரத் தூள் சிலருக்கு தோல் அரிப்பும் மூச்சு இறுக்கமும் குடுக்கும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவரா இருந்தா சின்ன கீறல் கூட நிக்காம ஒழுகும், டாக்டர்கிட்ட சொல்லி வைங்க. கூடவே, பழைய ட்யூப்லைட் வெளிச்சத்துல சுத்துற கட்டை சில வேகத்துல நிக்கற மாதிரியே தெரியும், அந்த இடத்துல வேற லைட் போடுங்க. இவ்வளவும் செஞ்சுட்டா, தனியா இருக்கறப்ப ஓட்ட மாட்டேன்னு ஒரு வார்த்தை வாங்கிக்கிட்டு விட்டுடுங்கம்மா. 70 வயசுல ஒருத்தருக்கு காலைல எழுந்ததும் போக ஒரு இடம் இருக்கறது பெரிய விஷயம்.

கேள்வி: அண்ணே, எங்க ஊர்ல சீமைக்கருவேலத்த தவிர வேற மரமே இல்ல. தேக்கு வாங்க வசதி இல்ல. (முதுகுளத்தூர் வாசகர்)

தம்பி, உங்க கடிதத்த படிச்சதும் எனக்கு சந்தோஷம் தாங்கல. கடைசலுக்கு தேக்க விட அது நல்ல மரம்! நாம விறகுக்கும் கரிமூட்டத்துக்கும்தான் வெட்டறோம். கெட்டியான மரம், காயறப்ப சுருக்கம் ரொம்ப கம்மி, அதுவும் எல்லா பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவா சுருங்கும், அதனால கோணறதும் வெடிக்கறதும் மத்த மரத்த விட குறைவு. இந்த சாதி மரத்துக்கு அமெரிக்கால மெஸ்கீட்னு பேரு, அங்க கடைசல்காரங்க இத விரும்பி வாங்கறாங்க. உள்ள வைரம் பாய்ஞ்ச பகுதி சிவப்பு கலந்த பழுப்பு, வெளிப்பக்கம் வெளிர் மஞ்சள், ரெண்டும் சேர்ற இடத்துல கிண்ணத்தோட விளிம்பு வர்ற மாதிரி வச்சு கடைஞ்சு பாருங்க, அதுக்கு மேல எந்த வார்னிஷும் வேண்டாம்.

கஷ்டம் என்னன்னா நேரான பெரிய கட்டை கிடைக்காது, பூச்சி துளைச்சிருக்கும், முள் குத்தினா சீழ் வைக்கும், பட்டைய சீவற வரைக்கும் கவனம். தூர்ப் பகுதிய விடாதீங்க, வேர் முடிச்சு இருக்கிற இடத்துலதான் வரி சுழிச்சு சுழிச்சு வரும். மண்ணு ஒட்டியிருக்கும், பிரஷ் போட்டு கழுவிடுங்க, ஒரு கல் துகள் போதும் உளி முனைய மழுக்க. விறகுக் கடைல எடை போட்டு வாங்கிக்கலாம்.

மத்த ஊர்க்காரங்களும் வீட்ட சுத்திப் பாருங்க. பூவரசு, கொய்யா, மா, பலா, வேம்பு, வாகை, கழிச்ச கிளை எதுவும் வீண் இல்ல. புளியோட நடு வைரம் கருங்கல் மாதிரி, உளிய அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும், ஆனா பளபளப்பு வேற எதுலயும் வராது. வெட்பாலை கிடைச்சா விடாதீங்க, தந்தம் மாதிரி வெள்ளை, வரியே தெரியாது, கர்நாடகால சன்னபட்டணா பொம்மைக்கும் ஆந்திரால ஏட்டிக்கொப்பாக்கா பொம்மைக்கும் அந்த மரம்தான். அரளியும் எட்டியும் விஷம், தொடாதீங்க. சந்தனமும் ஈட்டியும் சொந்தத் தோட்டத்துல நின்னாலும் வனத்துறைகிட்ட கேக்காம கை வைக்காதீங்க.

கேள்வி: கொய்யாக் கட்டைல ஆசையா கிண்ணம் கடைஞ்சேன், ரெண்டே நாள்ல வெடிச்சு ரெண்டா போச்சு. (சேலம் வாசகி)

ரெண்டு காரணம். கிளையோட நடுப்புள்ளிய, அந்தக் குருத்த, கிண்ணத்துக்குள்ளயே விட்டிருப்பீங்க, வெடிப்பு எப்பவும் அங்கேர்ந்துதான் கிளம்பும். அடுத்த தடவை கட்டைய குருத்து வழியா நீளவாக்குல ரெண்டா பிளந்து, ஒரு பாதிய மட்டும் எடுத்து கடையுங்க. ரெண்டாவது, மரம் பச்சை. பச்சைலயே கடையலாம், இன்னும் சுலபமா இருக்கும், ஆனா முதல்ல தடிமனா விடணும், பத்து இன்ச் கிண்ணத்துக்கு ஒரு இன்ச் சுவர்னு கணக்கு. வெட்டு முகத்துல மெழுகு தடவி பேப்பர் பையில போட்டு காத்து அடிக்காத இடத்துல சில மாசம் வைங்க. வாராவாரம் எடை போட்டு எழுதி வைங்க, எடை குறையறது நின்னா காஞ்சிருச்சு. அதுக்குள்ள முட்டை வடிவமா கோணியிருக்கும், பரவால்ல, திரும்ப மாட்டி வட்டமாக்கி மெல்லிசா கடையுங்க.

கேள்வி: பேரனுக்கு கிலுகிலுப்பை கடையறேன், வாயில வைப்பான். என்ன பூசலாம்? (நாகர்கோவில் வாசகர்)

ஒண்ணும் பூசாம விட்டாலே நல்லது. உப்புத்தாள 120 நம்பர்ல ஆரம்பிச்சு 180, 240, 320-ன்னு ஒண்ணையும் தாண்டாம வரிசையா போடுங்க, 400 முடிச்சா கண்ணாடி மாதிரி இருக்கும். மினுமினுப்பு வேணும்னா சுத்தறப்பவே தேன்மெழுக லேசா அழுத்தி துணியால பிடிங்க, சூட்டுல உருகி ஏறிடும், துணி சின்னத் துண்டா இருக்கட்டும், விரல்ல சுத்திக்காதீங்க. சாயம் போடாத சுத்தமான அரக்கும் பூசலாம். சன்னபட்டணால அரக்குக் குச்சிய சுத்துற பொம்மைல அழுத்தி, அந்த உராய்வுச் சூட்டுல உருக வச்சு, தாழை ஓலையால தேய்ச்சு பளபளப்பாக்கறாங்க, பார்க்கவே அவ்வளவு அழகா இருக்கும். தேங்காய் எண்ணெய் காயாது, நாள்பட்டா சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனா அது துடைச்ச துணிய உருட்டி மூலைல போடாதீங்க, தானா சூடாகி தீப்பிடிக்கும், விரிச்சு கொடில காயப் போட்டுட்டு அப்புறம் எறிங்க. உள்ள போடற மணி வெளிய வராத மாதிரி, கழண்டு விழற துண்டு எதுவும் இல்லாத மாதிரி பார்த்துக்குங்க, அது பூச்ச விட முக்கியம்.

கேள்வி: இதுல வருமானம் வருமா சார்? (ஓசூர் வாசகர்)

வரலாம். ஆனா முதல் ரெண்டு வருஷம் அந்த நினைப்பே வேண்டாம். வருமானத்துக்குன்னு செஞ்சா நாப்பது சப்பாத்திக் கட்டை ஒரே மாதிரி கடையணும், அத ஏற்கனவே தொழிலா செய்யறவங்க நம்மள விட வேகமாவும் மலிவாவும் செய்வாங்க, அவங்க வயித்துல நாம போய் கை வைக்கறது எனக்கு சரியாப் படல. பென்ஷன் வர்றவங்க செஞ்சத குடுங்க, விக்காதீங்கன்னு சொல்வேன். இது என் கருத்துதான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் போய் ஒண்ணரை வருஷம் ஆகுது. அவர் ஆசையா வாங்கின லேத் பின்கட்டுல தார்பாய் போட்டு மூடிக் கிடக்கு. வித்துடுங்கன்னு பசங்க சொல்றாங்க. எனக்கு 61. நான் அவர் பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன், தொட்டது இல்ல. பொம்பளைங்க இத செய்யலாமா? (ராஜபாளையம் வாசகி)

தங்கச்சி, விக்காதீங்க. இப்ப வேண்டாம். ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்துட்டு பிடிக்கலைன்னா அப்ப வித்துக்கலாம், இரும்பு எங்கயும் போயிடாது.

பொம்பளைங்க செய்யலாமான்னு கேட்டிருக்கீங்க. பலம் வேண்டாம்னு மேல சொன்னது உங்களுக்கும்தான். மாவு பதம், பாகு பதம் கையாலயும் காதாலயும் தெரிஞ்சு வச்சிருக்கறவங்களுக்கு மரத்தோட பதம் சீக்கிரம் பிடிபடும், நிஜமா சொல்றேன். புடவை மட்டும் வேண்டாம், பேண்ட், சட்டை போட்டு கொண்டைய இறுக்கி முடிஞ்சுக்கிட்டு நில்லுங்க. தாலிக்கொடி, வளையல் எதுவா இருந்தாலும் கழட்டி வச்சுடுங்க.

முதல்ல ஒரு பம்பரம் கடையுங்க. பழைய கொய்யாக் கிளை, ரெண்டரை இன்ச் தடிமன், நாலஞ்சு இன்ச் நீளம், காஞ்சதா இருக்கட்டும். ரெண்டு முனைலயும் நடுப்புள்ளி குறிச்சு லேத்ல ரெண்டு பக்கமும் இறுக்குங்க, வேகம் 800-க்கு மேல வேண்டாம். ரஃபிங் கவுஜால முதல்ல உருளையாக்குங்க, டக் டக்னு அடிக்கற சத்தம் நின்னு உஸ்ஸ்னு ஒரே சீரா வந்தா உருண்டை ஆயிடுச்சுன்னு அர்த்தம், நிறுத்திப் பார்க்கவே தேவையில்ல. அப்புறம் டெயில்ஸ்டாக் (கட்டையோட வலது முனைய முள்ளால தாங்கற பகுதி) பக்கமா சரிச்சுக்கிட்டே போங்க, வயித்துலேர்ந்து கால் பக்கம் இறங்கற மாதிரி, எப்பவும் தடிச்ச இடத்துலேர்ந்து மெலிஞ்ச இடத்துக்கு, எதிர்ப்பக்கமா போனா நார் பிய்யும். சாட்டை வழுக்காம பிடிக்க கீழ நாலு கோடு பார்ட்டிங் டூலால லேசா போடுங்க, மேல ஒரு குட்டி கொண்டை. ஆணி அடிக்கிற இடத்த தேட வேண்டாம், டெயில்ஸ்டாக்கோட முள் குத்தின பள்ளம் இருக்கு பாருங்க, அதுதான் சரியான நடு, அதுல மெல்லிசா துளை போட்டு ஆணிய இறக்கி, தலைய வெட்டி அரம் போட்டு கூராக்கினா பம்பரம் தள்ளாடாது. முதல் பம்பரம் நல்லா வராது, அதையும் தூக்கிப் போடாதீங்க. பசங்களோட குழந்தைங்க லீவுக்கு வர்றப்ப அவங்ககிட்ட குடுத்துடுங்க.

அவர் உளிங்க துரு பிடிச்சிருக்கும், சாணை பிடிச்சா போயிடும். சாணை பிடிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் எடுத்துப் பாருங்க, எந்த உளியோட பிடி கைபட்டு அதிகமா வழுவழுப்பா இருக்கோ அதுதான் அவர் ரொம்ப உபயோகிச்சது, நீங்களும் அதுலேர்ந்தே ஆரம்பிங்க. லேத்துல பெல்ட் விறைச்சு வெடிச்சிருந்தா மாத்தணும், கையால சுத்தறப்ப பேரிங்ல கரகரப்பு இருந்தா மெக்கானிக்க கூப்பிடுங்க. ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியன வரச் சொல்லி வயர முழுசா பார்க்கச் சொல்லுங்க, ஒண்ணரை வருஷம் தார்பாய்க்குள்ள கிடந்திருக்கு, எலி கடிச்சிருக்கும்.